வாத்தியார் பிள்ளைக்குப் பாதி ஃபீஸ்: வாங்குவோர் கையேடு

முதலில் தகுதி. தனியார் பள்ளியில் வேலை இருக்க வேண்டும். பள்ளி வயதில் பிள்ளை இருக்க வேண்டும். இருவரும் காலை எட்டே முக்காலிலிருந்து மாலை நாலேகால் வரை ஒரே காம்பவுண்டுக்குள் கிடக்கச் சம்மதிக்க வேண்டும். மூன்றும் பொருந்தினால் ‘ஸ்டாஃப் கன்செஷன்’ கேட்கலாம். கேட்பது எப்படி, கிடைத்ததைக் கைநழுவாமல் வைத்துக்கொள்வது எப்படி, அந்த மகிழ்ச்சியில் சம்பளத்தை மறப்பது எப்படி என்பதற்கெல்லாம் இதுவரை யாரும் கையேடு எழுதாதது பெரிய குறை.

புதுச்சேரியை ஒட்டிய பிள்ளைச்சாவடிக்காரர்களுக்கு இது கூடுதலாகப் பொருந்தும். ஈ.சி.ஆர். மேல் நின்று பார்த்தால் இங்கே படிப்புக்குப் பஞ்சமில்லை. பொறியியல் கல்லூரியாக இருந்தது 2020-இல் புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஆகிவிட்டது. 1985-இல் வந்த மத்தியப் பல்கலைக்கழகம் பக்கத்திலேயே. காலாப்பட்டில் சட்டக் கல்லூரி, நவோதயா பள்ளி, கூடவே மத்திய சிறை. கிழக்கே கடல் வருஷா வருஷம் கரையைத் தின்கிறது. மேற்கே பட்டதாரிகள் வருஷா வருஷம் பெருகுகிறார்கள். எம்.எஸ்ஸி., பி.எட். முடித்து, கல்யாணமாகி, கையில் பிள்ளையும் உள்ள ஒரு பெண்ணுக்கு ஸ்கூட்டியில் பத்து நிமிஷத்தில் போய்வரக்கூடிய வேலை எது என்று யோசியுங்கள். இந்தக் கையேட்டின் வாசகர் அவர்தான். சார்கள் மன்னிக்கவும்; அவர்களுக்கும் இதே விதிகள்தான், ஆனால் அவர்களை ‘இன்னும் வேற வேல கிடைக்கலியா’ என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். அது தனி அதிகாரம்.

இன்டர்வியூவில் சம்பளப் பேச்சை நீங்கள் எடுக்கக் கூடாது. தாளாளரே எடுப்பார். டெமோ கிளாஸ் முடித்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு அவர் அறையில் நீங்கள் உட்கார்ந்ததும், “சேலரி ஸ்டார்ட்டிங்ல கொஞ்சம் முன்னபின்னதான் இருக்கும் மிஸ். பாப்பாவ நாங்க பாத்துக்குறோம். இங்க எல்லாரும் ஒரே ஃபேமிலி மாதிரி” என்பார். எத்தனை சதவீதம் என்று அங்கே கேட்டுவிடாதீர்கள். எந்தக் குடும்பத்தில் சதவீதம் பேசுகிறார்கள்? “தேங்க்யூ சார்” சொல்லிவிட்டு வெளியே வந்து, அக்கவுண்ட்ஸ் அறையில் இருக்கும் அக்காவைப் பாருங்கள். பள்ளியின் அரசியல் சாசனம் அவருடைய மேஜை டிராயரில் இருக்கிறது. மூத்ததுக்குப் பாதி, இளையதுக்குக் கால், மூன்றாவது இருந்தால் உங்கள் பாடு, எல்லாமே ஒரு வருஷ சர்வீஸ் முடித்தபிறகுதான் என்று அவர் வாயால் சொல்வதே சட்டம். எழுத்தில் கேட்டால், “அதெல்லாம் எழுதிக் குடுக்குறதில்ல மிஸ். சார் மனசு” என்பார். தமிழ்நாட்டில் 2009-இல் கட்டண முறைப்படுத்தும் சட்டம் வந்து, நீதிபதி கோவிந்தராஜன் குழு பள்ளி பள்ளியாகக் கட்டணம் நிர்ணயித்தது. அதெல்லாம் பெற்றோரிடம் எதுவரை வாங்கலாம் என்ற கணக்கு. வேலைபார்ப்பவர் பிள்ளைக்கு எதுவரை குறைப்பது என்பதை சார் மனசுதான் நிர்ணயிக்கிறது. அதற்கு மேல்முறையீடு கிடையாது.

அடுத்தது மனு. ஏப்ரலில் எழுத வேண்டும், ஒவ்வொரு ஏப்ரலிலும். போன வருஷம் தந்த கருணை போன வருஷத்தோடு காலாவதி. ‘விதிப்படி’, ‘ஏற்கெனவே ஒப்புக்கொண்டபடி’ போன்ற சொற்கள் மனுவுக்குள் வரக் கூடாது. ‘தங்கள் மேலான கருணையால்’ தாராளமாக வரலாம். குடும்ப நிலைமைக்கு இரண்டு வரி போதும். மூன்றாவது வரி எழுதினால் சோகம் கூடி, மனு ஸ்டாஃப் ரூம் வரை வாசிக்கப்படும். கணவரின் வேலையைப் பற்றி மூச்சு விடாதீர்கள். நல்ல வேலை என்றால் ‘இவங்களுக்கு எதுக்கு’ என்பார்கள். வேலை இல்லை என்றால் ‘இவங்க எங்க போயிடப் போறாங்க’ என்பார்கள். மனு கொடுக்க உகந்த நாள், பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்து உங்கள் பாடத்தில் நாலு சென்டம் விழுந்த மறுநாள். ரிசல்ட் மே மாதம்தான் வருகிறது, மனுவுக்குக் கடைசித் தேதி ஏப்ரலிலேயே முடிந்துவிடுகிறது என்றால், அது நிர்வாகத்தின் முன்யோசனை.

ஒப்புதல் கிடைத்துவிட்டது என்று வையுங்கள். ஐம்பது சதவீதம்! ஸ்டாஃப் ரூமில் சாக்லேட் நீட்டும் முன் ரசீதை ஒருமுறை பாருங்கள். நீங்கள் கணக்கு டீச்சராக இருந்தால் நல்லது. வருஷக் கட்டணம் 42,000 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு எடுத்துக்கொள்வோம். அதில் டியூஷன் ஃபீஸ் என்ற தலைப்பில் இருப்பது 16,000. மீதி 26,000 ரூபாய் டெர்ம் ஃபீஸ், ஸ்மார்ட் கிளாஸ், கம்ப்யூட்டர், புத்தகம் நோட்டு, யூனிஃபார்ம், கராத்தே, ஆண்டு விழா, இதர என்று சிதறிக் கிடக்கும். சலுகை டியூஷன் ஃபீஸுக்கு மட்டும். பாதி என்றால் 8,000. மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. மாதத்துக்கு 667 ரூபாய். மீதி 34,000-ஐ நீங்கள்தான் கட்டப்போகிறீர்கள். உங்கள் சம்பளம் 18,000 என்றால், வருஷத்தில் ஏறக்குறைய இரண்டு மாதச் சம்பளம் ஆபீஸ் ஜன்னல் வழியாக வந்து அதே ஜன்னல் வழியாகத் திரும்பிவிடும். இந்த 667 ரூபாயைக் காட்டித்தானே சம்பளத்தில் மூவாயிரம் குறைத்துப் பேசினார்கள் என்று யாராவது சொல்லிக்கொடுத்தால் அவரோடு சேராதீர்கள். மனசு கெட்டுப்போகும்.

மனசு கெடாமல் இருக்க இன்னொரு வழி, சாலையோரத்துப் பல்கலைக்கழகத்தின் பக்கம் திரும்பாமல் வண்டி ஓட்டுவது. அங்கே எழுத்தராக இருப்பவருக்கு மத்திய அரசு விதிப்படி குழந்தைகள் கல்விப் படி உண்டு. 2024 ஜனவரியிலிருந்து ஒரு பிள்ளைக்கு மாதம் 2,812 ரூபாய் 50 காசு, இரண்டு பிள்ளைகள் வரை. ஒரு பிள்ளைக்கு வருஷத்துக்கு 33,750. உண்மையில் எவ்வளவு செலவானது என்று யாரும் கேட்பதில்லை. பிள்ளை இந்தப் பள்ளியில் இந்த வருஷம் படித்தது என்று பள்ளித் தலைமை ஒரு சான்றிதழ் தந்தால் போதும். அந்தச் சான்றிதழை எழுதி, இனிஷியல் சரியா என்று பார்த்து, பிரின்சிபால் கையெழுத்துக்குக் கொண்டுபோய் வைப்பது கிளாஸ் டீச்சர். அதாவது நீங்கள். (ஐம்பது காசு எதற்கு என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அது கூடவா கணக்குத் தவறாமல் வரவேண்டும்?)

இங்கிலாந்தில் இந்த ஸ்டாஃப் கன்செஷன் சங்கதி, அந்நாளில் அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை வரைக்கும் போயிருக்கிறது. மால்வர்ன் கல்லூரி பெயரில்தான் கல்லூரி. உண்மையில் அது உறைவிடப் பள்ளி. அங்கே வேலைபார்த்த ஆசிரியர்களின் பையன்கள் ஐந்தில் ஒரு பங்கு கட்டணத்தில் படித்தார்கள். வாசகர் இங்கே நிறுத்திப் பெருமூச்சு விட்டுக்கொள்ளலாம்: சலுகை எண்பது சதவீதம். வரித்துறை வந்து, ‘பள்ளி நடத்த ஆகும் மொத்தச் செலவைப் பையன்களின் எண்ணிக்கையால் வகுப்போம், தலைக்கு விழும் தொகையில் நீங்கள் கட்டியது போக மீதியெல்லாம் உங்கள் வருமானம், வரி கட்டுங்கள்’ என்றது. ஹார்ட் என்ற ஆசிரியரும் மற்றவர்களும் மறுத்தார்கள். எங்கள் பையன்கள் உட்கார்ந்தது காலியாகக் கிடந்த இடத்தில். அவர்களுக்காகப் புது வகுப்பறை கட்டவில்லை, புது வாத்தியார் வைக்கவில்லை. கூடுதலாக ஆனது சாப்பாடு, சலவை, எழுதுபொருள் மட்டும். அதற்கு நாங்கள் கட்டிய ஐந்தில் ஒரு பங்கே போதும் என்பது அவர்கள் கட்சி. 1992 நவம்பரில் ஆசிரியர்கள் ஜெயித்தார்கள். சட்டம் படிக்கிறவர்கள் ‘பெப்பர் எதிர் ஹார்ட்’ வழக்கை வேறு காரணத்துக்காக உருப்போடுவார்கள்: 1976-இல் கருவூல அமைச்சர் ராபர்ட் ஷெல்டன் நாடாளுமன்றத்தில் சொன்ன விளக்கத்தை, அதுவரை இருந்த தடையைத் தளர்த்தி, நீதிபதிகள் எடுத்துப் படித்த வழக்கு அது. நமக்கு வேண்டியது அந்தக் காலி இடம்.

நாற்பது பேர் உட்காரும் வகுப்பில் முப்பத்தொரு பேர் இருக்கிறார்கள். முப்பத்திரண்டாவதாக உங்கள் பிள்ளை உட்காருகிறது. அதனால் பள்ளிக்குக் கூடுதலாக ஆகும் செலவை ரூபாயில் எழுத முடியாது. நிர்வாகம் உங்களுக்குத் தருவது காலி பெஞ்சு. நீங்கள் நிர்வாகத்துக்குத் தருவது வேறெங்கும் மனுப் போடாத பன்னிரண்டு வருஷம். இந்த வியாபாரத்தில் யாருக்கு லாபம் என்று தாளாளரிடம் விவாதிக்காதீர்கள். “அப்படியா மிஸ், அப்ப அந்த பெஞ்சுக்கு முழு ஃபீஸ் கட்டுற பேரன்ட் வந்தா என்ன பண்றது?” என்பார். வரமாட்டார்கள் என்று அவருக்கும் தெரியும். ஆனால் அந்த வராத பேரன்ட்டுக்குப் பயந்துதான் நீங்கள் ஒவ்வொரு ஏப்ரலும் மனு எழுதுகிறீர்கள்.

நம் வருமான வரி விதிகளும் இதைத் தொடாமல் விடவில்லை. வேலை கொடுத்தவரின் பள்ளியில் பிள்ளை சலுகையில் படித்தால், மாதம் ஆயிரம் ரூபாய் வரையிலான பலனைக் கண்டுகொள்வதில்லை, தாண்டினால் அக்கம்பக்கத்து ஒத்த பள்ளியின் செலவை வைத்து மதிப்பிடுவது என்று 1962-ஆம் ஆண்டு விதிகளில் இருந்தது. உங்கள் பலன் 667. தவிர, வரி கட்டும் சம்பளம் இருந்தால் இதைப் படித்துக்கொண்டிருக்க மாட்டீர்கள். மேலே போவோம்.

பிள்ளையைத் தயார் செய்வது இருக்கிறதே, அது தனிக் கலை. கேட்டைத் தாண்டினால் ‘அம்மா’ கிடையாது, ‘மிஸ்’தான். எல்.கே.ஜி. பிள்ளைக்கு ஒரு வாரத்தில் பழகிவிடும். பழகியபின் வீட்டிலும் நிற்காது. கீரையைத் தட்டில் போட்டால் “வேணாம் மிஸ்” என்று சொல்லும். பரீட்சையில் முதல் ரேங்க் வாங்கினால் ‘கொஸ்டின் பேப்பர் வீட்லயே இருக்கு’ என்பார்கள். கடைசியில் வந்தால் ‘வாத்தியார் பிள்ளை மக்கு’ என்று பழமொழியே போட்டு வைத்திருக்கிறார்கள். மூன்றாம் ரேங்க் பாதுகாப்பானது. பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஆண்டு விழா டான்ஸில் பின்வரிசை. முன்வரிசை முழு ஃபீஸ் கட்டியவர்களுக்கு, அவர்கள் வீடியோ எடுக்க வேண்டும்.

பேரன்ட்ஸ் மீட்டிங்குக்கு நீங்கள் போக முடியாது. அந்த நேரத்தில் நீங்கள் ஏழாம் வகுப்பு பி பிரிவில் உட்கார்ந்து மற்றவர்களின் பேரன்ட்ஸைச் சமாளித்துக்கொண்டிருப்பீர்கள். உங்கள் பிள்ளையைப் பற்றிய மீட்டிங் தினமும் ஸ்டாஃப் ரூமில், டிபன் பாக்ஸ் திறந்திருக்கும்போது, பதினேழு பேர் முன்னிலையில் நடக்கும். “உங்க பையன் நேத்து மறுபடியும் ஹோம்வொர்க் நோட்டு கொண்டுவரல மிஸ்” என்று சயின்ஸ் மிஸ் தயிர்சாதத்தைப் பிசைந்தபடியே சொல்வார். சிரிக்க வேண்டும். மறுநாள் அவர் பையன் உங்கள் வகுப்பில் பேசிக்கொண்டிருந்ததை நீங்கள் சொல்லக் கூடாது, அவர் சீனியர். பாத்ரூமில் தண்ணீர் வரவில்லை, வேன் டிரைவர் வேகமாக ஓட்டுகிறார் போன்ற புகார்களை வெளியிலிருந்து வரும் ஒரு பெற்றோரை நட்பாக்கிக்கொண்டு அவர் வாயால் சொல்லவையுங்கள். அவர் முழு ஃபீஸ் கட்டுகிறவர், அவர் சொன்னால் எடுபடும்.

கொரோனா வருஷத்தில் இந்த இரட்டை வேஷம் உச்சத்துக்குப் போனது. 2020 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், முதலில் 40 சதவீதம், பள்ளி திறந்தபின் 35 சதவீதம் என்று கட்டணம் வாங்கிக்கொள்ள அனுமதித்தது. பெற்றோர் என்ற முறையில் மிஸ்கள் எழுபத்தைந்துக்குக் கணக்குப் போட்டார்கள். ஆசிரியர் என்ற முறையில் பல பள்ளிகளில் பாதிச் சம்பளத்துக்குக் கையெழுத்துப் போட்டார்கள்.

ஆயாம்மா உங்களிடம் வந்து, “எம் பொண்ணுக்கும் கொறப்பாங்களா மிஸ்?” என்று கேட்கக்கூடும். டீச்சிங் ஸ்டாஃபுக்கு மட்டும்தான் என்று சில பள்ளிகளில் சொல்வார்கள். தருகிற பள்ளியிலும் 34,000 கட்டினால்தான் 8,000 குறையும். ஆயாம்மாவின் சம்பளத்தில் அது நடக்கிற காரியமா? ஆகவே மீனவத் தெருவிலிருந்து அந்தப் பெண் அரசுப் பள்ளிக்குத்தான் போகும். அதற்காக நீங்கள் பரிதாபப்படுமுன் நிலவரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். 2024-25-க்குள் புதுச்சேரி அரசுப் பள்ளிகள் முழுக்க சி.பி.எஸ்.இ.க்கு மாறிவிட்டன, தமிழ்நாட்டுப் பாடத்தில் நிற்பது உங்கள் மெட்ரிக் பள்ளி. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் புதுச்சேரி 2023-இல் 10 சதவீத உள் ஒதுக்கீடு கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் 2020 முதல் 7.5. உங்கள் பிள்ளைக்கு ஐம்பது சதவீதம், ஆயாம்மா பெண்ணுக்குப் பத்து சதவீதம். எது பெரிசு என்று பிளஸ் டூ முடிந்தபின் இருவரும் உட்கார்ந்து பேசலாம்.

கன்செஷனுக்கு வட்டி கட்டும் காலம் மே மாதம். நோட்டீஸ் கட்டோடு உங்களை அட்மிஷன் பிடிக்க அனுப்புவார்கள். காலாப்பட்டு, கணபதிசெட்டிகுளம் முடித்துவிட்டுத் தெற்கே வந்தால் பொம்மையார்பாளையம், கோட்டக்குப்பம். இங்கே எங்கே புதுச்சேரி முடிகிறது, எங்கே தமிழ்நாடு தொடங்குகிறது என்று ஊர்க்காரர்களையே கேட்க வேண்டும். அந்தப் பக்கத்துப் பெற்றோர், எந்த மாநில ஒதுக்கீட்டில் பிள்ளை வரும், புதுச்சேரியின் கல்லூரிச் சேர்க்கைக் குழுவான சென்டாக்கில் இடம் கிடைக்குமா என்று மடக்குவார்கள். தெரியாதென்று சொல்லாமல் சிரித்தபடி வாட்டர் பாட்டிலைத் திறந்து குடியுங்கள். ஆசிரியர்களைக் கல்வி சாராத வேலைக்கு அனுப்பக் கூடாது, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் மூன்றுக்கு மட்டும் அனுப்பலாம் என்று கட்டாயக் கல்விச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு சொல்கிறது. அட்மிஷன் பிடிப்பது இதில் எதில் சேரும் என்று யோசித்துப் பார்த்தேன். பேரிடரில் சேர்க்கலாம். ஐந்து அட்மிஷன் கொண்டுவந்தவர் மனுவில் சார் மனசு சீக்கிரம் இளகும் என்பது எல்லாப் பள்ளிகளிலும் அனுபவம்.

வேலையை விடுவது எப்படி என்றும் சிலர் கேட்கிறார்கள். நடுவருஷத்தில் விட்டால், இதுவரை குறைத்ததையெல்லாம் கட்டிவிட்டுப் போங்கள் என்று அக்கவுண்ட்ஸ் அக்கா காகிதம் நீட்டுவார். உங்கள் ஒரிஜினல் சர்டிபிகேட் சேர்ந்த அன்றைக்கே ஆபீஸ் பீரோவுக்குள் போய்விட்டது, பிள்ளையின் டி.சி.யும் அங்கேதான். டி.சி. என்பது பாக்கி வசூலிக்கும் கருவியல்ல, அதில் கட்டணப் பாக்கியை எழுதக் கூடாது என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. புதுச்சேரிக்கும் அதே நீதிமன்றம்தான். தீர்ப்பைப் பிரிண்ட் எடுத்து ஹேண்ட்பேகில் வைத்துக்கொள்ளுங்கள். ஹேண்ட்பேகிலேயே இருக்கும்வரை எந்தப் பிரச்சினையும் வராது.

லேபர் கோர்ட்டுக்குப் போகலாமே என்பார்கள். கோவாவில் வேலை நீக்கப்பட்ட சுந்தராம்பாள் என்ற ஆசிரியை அந்த வழியில் உச்ச நீதிமன்றம் வரை போனார். ஆசிரியர் செய்வது உன்னதப் பணி, ஆகவே தொழில் தகராறுச் சட்டப்படி அவர் ‘தொழிலாளி’ ஆகமாட்டார் என்று 1988-இல் தீர்ப்பு வந்தது. 2004-இல் இன்னொரு வழக்கில், பணிக்கொடைச் சட்டத்தின் கீழும் ஆசிரியர் ‘ஊழியர்’ இல்லை என்றார்கள். உன்னதமானவர்களுக்குக் கிராஜுவிட்டி எதற்கு? பிறகு 2009-இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3-ஆம் தேதியிலிருந்தே ஆசிரியர்களுக்கும் உண்டு என்றது. தனியார் பள்ளிகள் அதை எதிர்த்து வழக்காடி, 2022 ஆகஸ்ட் 29-இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றன.

இந்தப் பத்தியைத்தான் கத்தரித்து வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு வருஷம் வேலைபார்த்தபின் பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் சேர்த்து, பிளஸ் டூ வரை இருந்தால் உங்கள் சர்வீஸ் பதின்மூன்று வருஷம். கடைசிச் சம்பளம் 18,000 என்றால் அதை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, பதின்மூன்றால் பெருக்குங்கள்: 1,35,000 ரூபாய் பணிக்கொடை. பன்னிரண்டு வருஷம் வருஷத்துக்கு 8,000 என்று சலுகையாக வந்தது 96,000. இந்தப் பணிக்கொடையைப் பற்றி “பாப்பாவ நாங்க பாத்துக்குறோம்” என்ற அன்று யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

ஆனால் இப்போதே போய்க் கேட்டுவிடாதீர்கள். பிள்ளை கடைசிப் பரீட்சை எழுதட்டும். மார்க் ஷீட் வரட்டும். டி.சி. கைக்கு வரட்டும். பீரோவிலிருந்து உங்கள் ஒரிஜினலும் வெளியே வரட்டும். அப்புறம் ராஜினாமாக் கடிதத்தோடு பணிக்கொடை மனுவையும் சேர்த்துக் கொடுங்கள். இதில் ‘தங்கள் மேலான கருணையால்’ தேவையில்லை. இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் பள்ளி சீலும் தேதியும் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இளைய பிள்ளை இன்னும் எட்டாவதில்தான் இருக்கிறது என்றால் நாலு வருஷம் பொறுங்கள்.